பல ஜோடிக் காதல் படங்கள்: அத்தனை பேரில் ஏன் ஒரு ஜோடி மட்டும் மனதில் நிற்கிறது?

#1 | பகல்காட்சி

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய படங்கள் சிலவற்றின் முடிவுகளும் இழையில் வரும். பார்க்காதவர்கள் கவனமாகப் படியுங்கள்.

நாங்கள் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப்போகிறோம். 40 நிமிடம், மூன்று ஜோடிகள், மூன்று கதைகளும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும் காதல் நகைச்சுவை. அதற்காக இந்த வகைப் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தோம். முதலில் பார்த்தது 2003-ல் வந்த 'லவ் ஆக்சுவலி'. ரிச்சர்ட் கர்ட்டிஸ் இயக்கிய முதல் படம். கிட்டத்தட்ட பத்துக் கதைகள்.

படம் முடிந்ததும் ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஆளுக்கு ஒரு தாள் எடுத்து, எந்த ஜோடி மனதில் நிற்கிறது என்று ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதினோம். நான்கு தாளிலும் ஒரே பதில்: எம்மா தாம்சனும் ஆலன் ரிக்மேனும். கணவனின் கோட்டுப் பையில் ஒரு நகையைப் பார்த்துவிட்டு அது தனக்குத்தான் என்று மனைவி மகிழ்ந்துபோயிருப்பாள். பரிசைப் பிரித்தால் உள்ளே இருப்பது ஜோனி மிட்செலின் பாட்டு சிடி. நகை வேறு ஒருத்திக்குப் போய்விட்டது. அவள் படுக்கையறைக்குப் போய்த் தனியாக நின்று அழுகிறாள், கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள், கசங்காத படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்கிறாள், பிறகு சிரித்த முகத்தோடு பிள்ளைகளிடம் வருகிறாள். வசனமே கிடையாது.

அப்படியானால் மீதி ஜோடிகள் எதற்கு? எங்கள் கதையிலும் மூன்றில் இரண்டு ஜோடி மறந்துபோய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

எங்கள் கதை இதுதான். ஒரே அடுக்குமாடிக் கட்டடம். முதல் மாடியில் மனைவியை இழந்த ஒரு பெரியவர், நூலகத்தில் ஒரு அம்மாவைச் சந்தித்துப் பழக ஆரம்பிக்கிறார். இரண்டாவது மாடியில் பிரிந்துவிடுவது என்று முடிவெடுத்த ஒரு ஜோடி, வாடகை ஒப்பந்தம் முடியாததால் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மூன்றாவது மாடியில் ஓர் இளைஞன், தோழியிடம் காதலைச் சொல்ல முடியாமல் தவிக்கிறான். மூன்று கதைக்காரர்களும் லிஃப்ட்டில் சந்தித்துக்கொள்வார்கள். உங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்லுங்கள்.


#2 | கடைசிவரிசை

முதலில் ஒரு கணக்கு. 'லவ் ஆக்சுவலி' 135 நிமிடம். பத்துக் கதை என்றால் ஒரு கதைக்குப் பதின்மூன்றரை நிமிடம். அந்த நேரத்துக்குள் ஒரு மனிதனை அறிமுகப்படுத்தி, அவன் யாரை விரும்புகிறான், என்ன தடை, தடை எப்படி விலகியது என்று அத்தனையும் சொல்லியாக வேண்டும். சாதாரண எழுத்தாளரால் முடியாது. அதனால்தான் இந்தப் படங்களில் எல்லா வேடத்துக்கும் பிரபல நட்சத்திரங்களைப் போடுகிறார்கள். ஹியூ கிராண்ட் வந்து நின்றாலே போதும், இவர் கூச்சப்படுகிற, நல்ல மனசுள்ள ஆள் என்று முந்தைய படங்களிலிருந்தே நமக்குத் தெரியும். அறிமுகக் காட்சி மிச்சம்.

ஆனால் முகம் மட்டும் இருந்து எழுத்து இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. கேரி மார்ஷல் 2010-ல் 'வேலன்டைன்ஸ் டே' எடுத்தார். அடுத்த ஆண்டே 'நியூ இயர்ஸ் ஈவ்'. இரண்டிலும் நட்சத்திரக் கூட்டம். எனக்கு இந்தப் படங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை, ஒரு சாயங்காலத்தை இனிமையாகக் கழிக்கலாம். ஆனால் மறுநாள் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியவில்லை. நடிகர் பெயர் ஞாபகம் இருக்கிறது, கதாபாத்திரத்தின் பெயர் ஒன்றுகூட இல்லை.

உங்களிடம் நட்சத்திரங்கள் இல்லை. அதனால் மூன்று ஜோடியே அதிகம் என்பது என் எண்ணம். இரண்டாகக் குறையுங்கள்.


#3 | நிலாமுற்றம்

கடைசிவரிசை சொல்கிற கணக்கு சரி, முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை.

எம்மா தாம்சனின் அந்த அழுகையை மட்டும் வெட்டி எடுத்துத் தனிக் குறும்படமாகப் போட்டால் இவ்வளவு வலிக்குமா? எனக்குத் தோன்றவில்லை. அதைச் சுற்றி எல்லாரும் காதலில் விழுந்துகொண்டிருக்கிறார்கள். மொழி தெரியாத இருவர் ஒருவர் மொழியை மற்றவர் கற்றுக்கொண்டு வருகிறார்கள், சின்னப் பையன் ஒருவன் விமான நிலையத்துக்குள் ஓடுகிறான். அந்த மகிழ்ச்சிக்கு நடுவில் இந்த ஒருத்தி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறாள். மற்ற ஜோடிகள் மறந்துபோனால் போகட்டும். அவர்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டார்கள்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அவள், படத்தில் பிரதமராக வரும் ஹியூ கிராண்டின் தங்கை. பள்ளி விழா நடக்கும் அந்த இரவில், திரை விலகும்போது அண்ணன் தன் காதலியை முத்தமிட்டபடி எல்லார் முன்னாலும் மாட்டிக்கொள்கிறார், அரங்கமே சிரிக்கிறது. அதே கட்டடத்தில், விழா முடிந்த கூட்டத்துக்கு நடுவில், தங்கை கணவனிடம் அந்த நகையைப் பற்றிக் கேட்கிறாள். அண்ணனுக்குத் தங்கையின் துக்கம் தெரியாது. படம் அதைப் பெரிதாக எடுத்துக் காட்டவும் இல்லை. எனக்கு அந்தப் படத்திலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான். நம் வீட்டிலும் இப்படித்தானே, ஒருவர் வாழ்க்கையின் நல்ல நாளும் இன்னொருவரின் கெட்ட நாளும் ஒரே தேதியில் வந்துவிடுகின்றன.


#4 | எழுத்தாணி

நிலாமுற்றம் சொன்ன பள்ளி இரவைப் பிடித்துக்கொண்டே நான் தொடங்குகிறேன். அந்த இரவில் அண்ணனுக்குத் தங்கையின் நிலை தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்? தன் மகிழ்ச்சியை மறைத்திருப்பாரா? மைத்துனரிடம் போய்க் கேட்டிருப்பாரா? இந்தக் கேள்விகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் படம் தொடவில்லை. அது படத்தின் பலம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். தவறவிட்ட வாய்ப்பு என்று நான் நினைக்கிறேன்.

பல ஜோடிப் படங்களில் இரண்டு வகை உண்டு. பக்கத்தில் பக்கத்தில் வைத்த கதைகள் ஒரு வகை, பின்னிய கதைகள் இன்னொரு வகை. கதாபாத்திரங்கள் ஒருவருக்கொருவர் உறவு, நட்பு, பக்கத்து வீடு என்பதாலேயே பின்னல் ஆகிவிடாது. ஒருத்தியின் முடிவு இன்னொருவன் கதையைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் பின்னல்.

நான் நாடகம் எழுதுகிறவன். எனக்கு நானே வைத்துக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு. ஒரு ஜோடியைக் கதையிலிருந்து முழுசாக எடுத்துவிட்டுப் படித்துப் பார்ப்பேன். மற்ற ஜோடிகளின் கதை அப்படியே ஓடினால் பின்னவில்லை என்று அர்த்தம்.

நம்மிடமே இதற்கு அருமையான பாடம் இருக்கிறது, எங்கேயோ தேட வேண்டாம். 1964-ல் ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'. ரவிச்சந்திரன் காதலிக்கும் பெண்ணின் அப்பா பாலையா. அவரைச் சம்மதிக்க வைக்க, தனக்குக் கோடீஸ்வர அப்பா இருப்பதாக ரவிச்சந்திரன் ஒரு பொய் சொல்கிறார். அப்பாவாக நடிக்க நண்பன் முத்துராமனை வரவழைக்கிறார். கிழவர் வேஷம் போட்டுக்கொண்டு முத்துராமன் வந்து பார்த்தால், அந்த வீட்டு மூத்த பெண் காஞ்சனாதான் அவர் காதலி! இப்போது பாருங்கள்: முத்துராமன் தன் காதலைச் சொன்னால் நண்பனின் காதல் உடையும், வேஷத்தைக் காப்பாற்றினால் தன் காதல் நகராது. சிரிப்பு முழுக்க அந்தச் சிக்கலிலிருந்துதான் வருகிறது. முத்துராமன் காஞ்சனா ஜோடியை எடுத்துவிடுங்கள், ரவிச்சந்திரன் சொன்ன பொய்யில் ஆபத்தே இருக்காது. வெறும் ஒட்டுத்தாடிதான் மிஞ்சும்.

பகல்காட்சி, உங்கள் கதையில் லிஃப்ட்டில் சந்திப்பது பின்னல் ஆகாது. மன்னிக்கவும், நேராகச் சொல்லிவிட்டேன்.


#5 | கத்தரி

நான் படத்தொகுப்பில் உதவியாளனாக இருக்கிறேன். எழுத்தாணி சொன்ன சோதனையின் இன்னொரு வடிவம் எங்கள் எடிட்டிங் அறையில் தினமும் நடக்கிறது.

ஐந்து ஜோடி வரும் ஒரு படத்தில் வேலை செய்தேன், பெயர் வேண்டாம். திரைக்கதையில் இருந்த வரிசைப்படி முதலில் கோத்தோம். சலிப்பாக இருந்தது. சரி, இரண்டாவது ஜோடியின் சண்டையை முன்னால் போடு என்றார் எடிட்டர். போட்டோம், ஒன்றும் கெடவில்லை. நான்காவது ஜோடி சேர்வதைப் பின்னால் தள்ளினோம், அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. எந்தக் காட்சியை எங்கே வைத்தாலும் பொருந்தியது. முதலில் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, எவ்வளவு வசதி என்று நினைத்தேன். எடிட்டர் முகம் மட்டும் வாடிவிட்டது. எங்கே வைத்தாலும் பொருந்துகிற காட்சி எங்கேயும் தேவையில்லாத காட்சி என்றார். அன்றிலிருந்து நான் எந்தப் படம் பார்த்தாலும் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கடைசியில் ஒரு ஜோடியை முழுசாக நீக்கிவிட்டார்கள். அதில் நடித்த பெண் முன்னோட்டக் காட்சிக்கு வந்திருந்தார். தான் பேசிய ஒரு வசனம்கூடப் படத்தில் இல்லை என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. முன்பே சொல்லியிருக்க வேண்டும், யாரும் சொல்லவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதனால் பகல்காட்சி, வெட்டுவதென்றால் தாளில் வெட்டிவிடுங்கள். படம் எடுத்த பிறகு வெட்டுவது நடித்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

அப்புறம் சிரிப்பும் அழுகையும் அடுத்தடுத்து வருவது பற்றி. நிலாமுற்றம் சொல்வதுபோல் மகிழ்ச்சிக்கு நடுவில் துக்கம் ஆழமாகத் தெரியும், உண்மை. ஆனால் அழுகைக் காட்சி முடிந்த உடனே நகைச்சுவைக்குத் தாவினால், பார்க்கிறவர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தடுமாறுவார். நடுவில் கொஞ்சம் மூச்சு விட இடம் வேண்டும். ஒரு வெற்று வராந்தா, ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி, எதுவாகவும் இருக்கலாம். படப்பிடிப்பின்போது இப்படிப்பட்ட சும்மா காட்சிகளை நிறைய எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கதைகளைக் கோக்கும்போது அதுதான் கைகொடுக்கும்.


#6 | தொடுவானம்

வடிவத்தைப் பற்றி எல்லாரும் நன்றாகப் பேசுகிறீர்கள். இந்தப் படங்கள் எதைக் காதல் என்று காட்டுகின்றன என்று யாரும் கேட்கவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

'லவ் ஆக்சுவலி'யில் பிரதமர் தன் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்ணை விரும்புகிறார். எழுத்தாளர் தன் வீட்டு வேலைக்கு வந்த பெண்ணை விரும்புகிறார். ரிக்மேன் தடுமாறுவதும் தன்கீழ் வேலை செய்யும் பெண்ணிடம். மூன்று கதையிலும் ஆண் முதலாளி. நண்பன் மனைவியின் வாசலில் போய் அட்டைகளைக் காட்டிக் காதலைச் சொல்கிறானே ஒருவன், அந்தப் பெண் கணவனிடம் பொய் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறாள். சின்ன வயதில் பார்த்தபோது எனக்கு அது கவிதை. இப்போது பார்த்தால் அவளுக்காகக் கவலையாக இருக்கிறது.

பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவருக்கும் அவருடைய பெண் துணைக்குமான ஒரு கதையையும் இதே படத்துக்காக எடுத்துவிட்டுப் பிறகு நீக்கினார்கள். ஆண் பெண் ஜோடிகள் மட்டுமே மிஞ்சின. படத்தில் போதிய பன்முகத்தன்மை இல்லை என்று கர்ட்டிஸே 2022-ல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒப்புக்கொண்டார்.

பத்து ஜோடி காட்ட வாய்ப்பு இருக்கும் ஒருவருக்குப் பத்து விதமான காதலைக் காட்டும் வாய்ப்பும் இருக்கிறது. பத்தும் ஒரே சாயலில் இருந்தால் எண்ணிக்கை எதற்கு? பகல்காட்சி, உங்கள் பெரியவரையும் நூலகத்து அம்மாவையும் மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். வயதானவர்களின் காதலைக் கேலி இல்லாமல் காட்டும் படங்கள் குறைவு.


#7 | நிலாமுற்றம்

தொடுவானம், அட்டைக் காட்சி பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறைக்கிறது. மறுக்க முடியவில்லை.

ஆனால் அதே படத்தில் லாரா லின்னியின் கதையும் இருக்கிறது. இரண்டரை வருடத்துக்கு மேல் மனதுக்குள் வைத்திருந்த ஆள் ஒரு வழியாக வீட்டுக்கு வருகிறான். அப்போது மனநலம் சரியில்லாத தம்பியிடமிருந்து போன் வருகிறது. எடுக்கிறாள். மறுபடி வருகிறது. எடுக்காவிட்டால்தான் என்ன என்று பார்க்கிறவர் மனம் துடிக்கும், அவள் எடுக்கிறாள். அந்தக் காதல் அங்கேயே நின்றுபோகிறது. தம்பி மேல் வைத்த அன்பும் காதல் அளவுக்குப் பெரியது என்று அந்தக் கதை சொல்கிறது. முதலாளி கதைகளோடு சேர்த்து இதையும் எண்ணுங்கள்.


#8 | கடைசிவரிசை

எழுத்தாணி எழுதியது: ஒருத்தியின் முடிவு இன்னொருவன் கதையைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் பின்னல்.

இதைப் படித்த பிறகு என் கணக்கை மாற்றிக்கொள்கிறேன். எத்தனை ஜோடி என்பது முக்கியமில்லை போலிருக்கிறது.

2007-ல் ஒரே ஆண்டில் இந்தியில் இரண்டு படங்கள் வந்தன. நிகில் அத்வானியின் 'சலாம்-ஏ-இஷ்க்', ஆறு ஜோடிகள், மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். அனுராக் பாசுவின் 'லைஃப் இன் எ மெட்ரோ', அதிலும் பல ஜோடிகள். எனக்கு இரண்டாவது படம்தான் ஒட்டியது. ஏனென்று இப்போதுதான் புரிகிறது. அதில் ஒரு வீட்டுச் சாவி இருக்கிறது. வேலையில் முன்னேற வேண்டும் என்பதற்காக ஓர் இளைஞன் தன் வீட்டுச் சாவியை மேலதிகாரிகளுக்குக் கொடுத்து உதவுகிறான். அவன் மனதார விரும்பும் பெண்ணோடுதான் மேலதிகாரி அந்த வீட்டுக்குப் போகிறார். அந்த மேலதிகாரியின் மனைவிக்கு ஒரு கதை, மனைவியின் தங்கைக்கு ஒரு கதை. ஒரு சாவி கை மாறுகிறது, இத்தனை பேர் வாழ்க்கையும் அசைகிறது. சாவியைக் கொடுத்து உதவும் யோசனை 1960-ல் வந்த 'தி அபார்ட்மென்ட்' படத்திலிருந்து வந்தது. அங்கே ஒரே ஒரு காதல் கதையை நகர்த்திய சாவி இங்கே பல ஜோடிகளின் கதைகளைக் கட்டிப்போடுகிறது.

பகல்காட்சி, உங்கள் லிஃப்ட்டுக்குப் பதிலாக இப்படிக் கை மாறும் பொருள் ஏதாவது கிடைக்குமா?


#9 | பகல்காட்சி

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

எழுத்தாணி சாரின் சோதனையை நேற்று இரவு செய்து பார்த்தோம். இளைஞன் கதையை எடுத்துவிட்டுப் படித்தோம், மற்ற இரண்டும் ஒரு வரிகூட மாறாமல் ஓடின. பெரியவரை எடுத்தோம், அதே கதிதான். கத்தரி சொன்னபடி காட்சிகளைச் சீட்டுகளில் எழுதிக் கலைத்துப் போட்டும் பார்த்தோம். எப்படிக் கலைத்தாலும் பொருந்தியது. நண்பர்களில் ஒருவன் பேசாமல் எழுந்து போய்விட்டான், அவன்தான் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதியவன்.

பேசாமல் மூன்றையும் தனித்தனியாக வைத்து ஆந்தாலஜியாக்கிவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. 2019-ல் ஹலிதா ஷமீம் 'சில்லுக்கருப்பட்டி'யில் நான்கு கதைகளை அப்படித்தான், ஒன்று முடிந்து அடுத்தது என்று வைத்திருந்தார். அழகாக இருந்தது. ஆனால் எங்களுக்கு ஆசை பின்னலின் மேல்தான். விட மனமில்லை.


#10 | எழுத்தாணி

உங்கள் நண்பரை முதலில் போய்ச் சமாதானப்படுத்துங்கள். மூன்று மாதம் வீண் இல்லை, மூன்று பாத்திரங்களும் அவருக்கு இப்போது நன்றாகத் தெரியும். இனிமேல்தான் அது பயன்படும்.

பின்னலுக்கு எளிய வழி ரத்த உறவு. பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' (1975) நினைவிருக்கிறதா? மகன் தன்னைவிட மூத்த பெண்ணை விரும்புகிறான், அந்தப் பெண்ணின் மகள் அவனுடைய அப்பாவை மணக்க விரும்புகிறாள். இரண்டே ஜோடி. ஒரு ஜோடி சேர்ந்தால் மற்ற ஜோடியின் உறவுமுறையே தலைகீழாகிவிடும். வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்கும் கடைசிப் புதிரும் இதே முடிச்சுதான், அதற்கு அவனாலும் பதில் சொல்ல முடியவில்லை. நகைச்சுவைப் படம் இல்லைதான். ஆனால் இருவர் மகிழ்ச்சி வேறு இருவரை நேரடியாக இடிக்கும்படி எப்படி வைப்பது என்று அதில் கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் முதல் மாடிப் பெரியவருக்கு ஒரு மகள் இருந்தால்? அந்த மகள்தான் இரண்டாவது மாடியில் பிரியப்போகிறவள் என்றால்? மேற்கொண்டு நான் யோசிக்கவில்லை. உங்கள் நண்பர் யோசிக்கட்டும்.


#11 | சாரல்

புதிதாகச் சேர்ந்திருக்கிறேன், இது என் முதல் பதிவு.

எழுத்தாணி ஐயா மகள் என்று சொன்னதும் எனக்கு 'கிரேசி ஸ்டூபிட் லவ்' (2011) ஞாபகம் வந்தது. எச்சரிக்கை, இங்கே முக்கியத் திருப்பத்தைச் சொல்லப்போகிறேன். விவாகரத்தில் உடைந்துபோன ஸ்டீவ் கரெலுக்கு, பெண்களிடம் எப்படிப் பேசுவது என்று ரயன் காஸ்லிங் கற்றுத்தருகிறார். இன்னொரு பக்கம் காஸ்லிங்குக்கு எம்மா ஸ்டோன் மேல் உண்மையான காதல் வருகிறது. நமக்கு இரண்டும் தனித்தனி ஓட்டமாகத்தான் தெரியும். கடைசியில் எல்லாரும் ஒரே தோட்டத்தில் கூடும்போதுதான் எம்மா ஸ்டோன் கரெலின் மூத்த மகள் என்று தெரியவருகிறது. நான் தியேட்டரில் சத்தமாகக் கத்திவிட்டேன்.

அதுவரை பார்த்த காட்சிகள் எல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வேறு அர்த்தம் எடுத்தன. காஸ்லிங் எப்படிப்பட்ட ஆள் என்று அந்த அப்பாவுக்குத்தான் மிக நன்றாகத் தெரியும், அவரே பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார்! உறவை முன்னாலேயே சொல்லலாம், இப்படி மறைத்தும் வைக்கலாம். எது நல்லது?


#12 | கத்தரி

வாருங்கள் சாரல். நல்ல கேள்வி.

மறைத்து வைத்தால் ஒரு முறை பெரிய சிரிப்பு கிடைக்கும். முன்னாலேயே பார்க்கிறவருக்கு மட்டும் சொல்லிவிட்டு, பாத்திரங்களுக்குத் தெரியாமல் வைத்தால் படம் முழுக்கச் சின்னச் சின்னச் சிரிப்பு கிடைத்துக்கொண்டே இருக்கும். 'காதலிக்க நேரமில்லை'யில் அந்தக் கிழவர் யார் என்று நமக்குத் தெரியும், பாலையாவுக்குத் தெரியாது. அதனால் அவர் மரியாதை காட்டும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது. 40 நிமிடப் படத்துக்கு இரண்டாவது வழிதான் பாதுகாப்பு. மறைத்து வைப்பதற்கு அந்தத் தோட்டக் காட்சி மாதிரி நீளமாக ஏறிப்போகும் ஒரு கட்டம் வேண்டும், உங்களுக்கு நேரம் போதாது.

எல்லாரையும் கடைசியில் ஒரே இடத்தில் கூட்டுவதும் இந்த வகைப் படங்களின் வழக்கம்தான். திருமணம், விமான நிலையம், விழா. கூட்டுவதற்குக் காரணம் இருந்தால் கூட்டுங்கள்.


#13 | நிலாமுற்றம்

எழுத்தாணி மகள் என்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

அப்பா இறந்து ஆறு வருடம் கழித்து அம்மாவுக்கு ஒரு நண்பர் கிடைத்தார். அதே சமயத்தில்தான் எனக்கு ஒரு நீண்ட காதல் முறிந்து, நான் அம்மா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். நான் அழுதுகொண்டிருக்கும் வீட்டில் தான் மகிழ்ச்சியாக இருப்பது தப்பு என்று நினைத்து, அம்மா அந்த நண்பரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கு எதுவும் தெரியாது. அம்மா தனியாக இருக்கிறார், அவருக்காகத்தான் நான் இங்கே இருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்காக அவர், அவருக்காக நான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு எட்டு மாதம் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஒருநாள் அவர் அந்த நண்பருக்கு எழுதிய செய்தி தவறி எனக்கு வந்துவிட்டது. "இன்று ஏனோ பேச வேண்டும் போலிருக்கிறது" என்று ஒரே வரி. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். எனக்குத்தான் அனுப்பியிருக்கிறார் என்று எழுந்து போய் அவர் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினேன். அம்மாவும் பேசினார். பல மாதம் கழித்துத்தான் உண்மையைச் சொன்னார். சொல்லும்போது இருவரும் சிரித்தோம், அப்புறம் இருவரும் அழுதோம்.

பகல்காட்சி, இது உங்கள் கதைக்குப் பயன்பட்டால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவர் இப்போது அந்த நண்பரோடு மறுபடி பேசுகிறார்.


#14 | தொடுவானம்

நிலா அக்கா, இதைப் படித்துவிட்டு என் அம்மாவுக்கு போன் செய்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.


#15 | சாரல்

மூன்றாவது மாடி இளைஞனுக்கும் வேலை கிடைத்துவிட்டதே! பெரியவருக்குச் செல்போனில் செய்தி அனுப்பக் கற்றுக்கொடுப்பவன் அவனாக இருக்கலாம் இல்லையா? தன் தோழிக்குச் சொல்ல முடியாத வரிகளை எல்லாம் பெரியவருக்கு எழுதிக்கொடுப்பான்.


#16 | பகல்காட்சி

நிலா அக்கா, உங்கள் அம்மாவுக்கு எங்கள் நால்வரின் வணக்கத்தையும் நன்றியையும் சொல்லுங்கள். உங்கள் பதிவைச் சத்தமாகப் படித்தோம். எழுந்து போன நண்பன் திரும்பி வந்து அன்றிரவே எழுத உட்கார்ந்துவிட்டான்.

இப்போதைய வடிவம் இது. இரண்டாவது மாடிப் பெண் பெரியவரின் மகள்தான். அப்பா தனிமையில் வாடுகிறார் என்பதால்தான் பிரிந்த பிறகு முதல் மாடிக்கு வந்துவிட நினைக்கிறாள். அவள் மனம் உடைந்திருக்கிறாள் என்பதால் அவர் நூலகத்து அம்மாவைப் பற்றி வாயே திறப்பதில்லை. சாரல் சொன்னபடி, செய்தியை எழுதிக்கொடுப்பவன் மூன்றாவது மாடி இளைஞன். "உன்னைப் பார்க்காமல் நாள் நகரவில்லை" என்ற வரி. அது உண்மையில் அவன் தோழிக்காக எழுதி அனுப்பாமல் வைத்திருந்த வரி. பெரியவர் நூலகத்து அம்மாவுக்கு அனுப்புவதாக நினைத்து மகளுக்கு அனுப்பிவிடுகிறார். அப்பா தன்னைத் தேடுகிறார் என்று மகள் அன்று மாலையே பெட்டியைக் கட்டுகிறாள்.

எழுத்தாணி சாரின் சோதனையை மறுபடி வைத்தோம். எந்த ஜோடியை எடுத்தாலும் மற்றது விழுந்துவிடுகிறது. சீட்டுகளைக் கலைத்தால் இப்போது பொருந்தவே மாட்டேன் என்கிறது. கத்தரி, மின்விசிறி, வராந்தா, காலியான லிஃப்ட் என்று ஒரு முழு நாள் எடுக்கத் திட்டம் போட்டிருக்கிறோம்.

கடைசிக் காட்சியில் மட்டும் இன்னும் வாதம் ஓடுகிறது. மகள் பெட்டியோடு கதவைத் தட்டுகிறாள். உள்ளே நூலகத்து அம்மா முதல்முறையாக வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். மகள் பின்னால், அவள் பெட்டியைத் தூக்க உதவியாக, பிரியப்போகிற கணவனும் நிற்கிறான். பெரியவர் கதவைத் திறக்கிறார். மகள் அப்பாவைத் தாண்டி உள்ளே பார்க்கிறாள், அப்பா மகளைத் தாண்டி வெளியே பார்க்கிறார். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதவில்லை. அங்கேயே நிறுத்தலாம் என்கிறேன் நான். மகள் சிரிப்பதையாவது காட்ட வேண்டும் என்கிறான் எழுதியவன். திங்கட்கிழமை ஒத்திகை. நடிக்கப்போகிற பெண்ணிடம் கதவைத் தட்டச் சொல்லிவிட்டு, அவர் முகத்தில் என்ன வருகிறது என்று பார்க்கப்போகிறோம்.